போர் வராத ஊரில் இருபது கல்லறைகள்

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. டெக்சஸில் டல்லாஸுக்குப் பக்கத்தில் பல வருடங்களாக இருக்கிறோம். போன மாதம் கிழக்கே டெரல் என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தோம். அங்கே கல்லறைத் தோட்டத்தில் ஒரே மாதிரி இருபது கற்கள். எல்லாம் பிரிட்டிஷ் விமானப்படையில் பயிற்சிக்கு வந்த பையன்களாம், இரண்டாம் உலகப்போர்க் காலம். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. எங்கள் மகனுக்கு 17 ஆகிறது, ஃப்ளையிங் ஸ்கூலில் சேர்ந்து நாலு பாடம் முடித்திருக்கிறான். அந்தக் கற்களைப் பார்த்ததிலிருந்து என் மனைவி "இத்தோடு நிறுத்திவிடலாம்" என்கிறாள். சண்டையே நடக்காத ஊரில் அத்தனை பேர் எப்படி இறந்தார்கள்? விமானம் மட்டமா, சொல்லிக்கொடுத்தவர்கள் மட்டமா? அந்த ஆபத்து இன்றும் இருக்கிறதா? பள்ளியில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தம்பி,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்கும் உங்கள் வீட்டம்மா கேட்காமல் கேட்ட ஒரே கேள்விதான். முப்பது வருடத்துக்கு மேல் பறக்கச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "பயப்பட ஒன்றுமில்லை" என்று நான் எழுதப் போவதில்லை. தங்கச்சி பயந்ததில் தப்பு இல்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பயந்தால், அந்தப் பயம் பையனுக்கு உபயோகப்படும்.

அந்தப் பையன்கள் டெக்சஸுக்கு வந்தது வானத்துக்காக. 1940, 41-இல் இங்கிலாந்தில் பறக்கக் கற்றுக்கொள்வது சிரமமாக இருந்தது. பாதி நாள் மேகமும் மழையும், ராத்திரியில் விளக்குத் தடை, இதற்கு நடுவில் ஜெர்மன் விமானங்கள். அதனால் கனடா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று பயிற்சியை வெளியே கொண்டுபோனார்கள். அமெரிக்கா அப்போது போரில் சேரவில்லை. என்றாலும் தனியார் ஒப்பந்தக்காரர்கள் நடத்த, அமெரிக்க சிவிலியன் பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுக்க, பிரிட்டிஷ் மாணவர்களுக்கென்றே பள்ளிகள் ஆரம்பித்தார்கள். அதில் முதலாவது டெரல். முதல் குழு 1941 கோடையில் உங்கள் ஊர் லவ் ஃபீல்டில்தான் பாடத்தைத் தொடங்கியது. ஆமாம், இன்றைக்கு நீங்கள் சவுத்வெஸ்ட் விமானம் பிடிக்கிற அதே லவ் ஃபீல்டு. ஆகஸ்டில் டெரலுக்கு மாறினார்கள். நடுநிலை நாட்டுக்குள் அயல்நாட்டுப் படைவீரன் சீருடையோடு வரக்கூடாது என்பதால் ஆரம்பக் குழுக்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கனடா வழியாக வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் டெரல் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். போர் முடியும்வரை 2,000 பேருக்கு மேல் அங்கே படித்தார்கள்.

2,000 சொச்சம் பேருக்கு இருபது கல்லறை. ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர். இதைக் கேட்டுத் திடுக்கிடுவீர்கள், ஆனால் அந்தக் காலக் கணக்கில் டெரல் நன்றாக நடந்த பள்ளி. 1941 டிசம்பரிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை அமெரிக்க ராணுவ விமானப்படை தன் சொந்த நாட்டு எல்லைக்குள் மட்டும் சுமார் 15,000 பேரை விபத்துகளில் இழந்தது. எதிரி ஒருவன்கூடப் பக்கத்தில் இல்லாத இடத்தில். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையிலும் பயிற்சியிலேயே 5,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். போரில் இறந்தவன் எங்கே இறந்தானோ அங்கேயே புதைப்பது பிரிட்டிஷ் வழக்கம், உடலை ஊருக்கு அனுப்புவதில்லை. அதனால்தான் டெரலில் இருபது, ஒக்லஹோமாவின் மையாமியில் பதினைந்து, ஃப்ளோரிடாவின் ஆர்கேடியாவில் இருபத்துமூன்று என்று அந்தப் பையன்கள் அங்கங்கே தங்கிவிட்டார்கள்.

சரி, விமானம் மட்டமா? இல்லை. முதலில் ஏறுவது ஸ்டியர்மன் என்ற இரட்டை இறக்கை விமானம், சுமார் 220 குதிரைத்திறன். எருமை மாதிரி உறுதி. முன்சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் தரையில் இறங்கியபின் கொஞ்சம் அசந்தால் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இறக்கை நுனி உரசும், மானம் போகும், உயிர் அநேகமாகப் போகாது. அடுத்தது வல்டி. வேகம் குறைந்தால் கண்ணாடிக் கூண்டே நடுங்கும், அதனால் மாணவர்கள் அதற்கு 'வைப்ரேட்டர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கடைசியில் ஏடி-6. பிரிட்டிஷ்காரர்கள் ஹார்வர்ட் என்பார்கள், அமெரிக்கர்கள் டெக்சன் என்பார்கள். 600 குதிரைத்திறன், உள்ளே மடங்கும் சக்கரம். பின்னாளில் நடுவிலிருந்த வல்டியை எடுத்துவிட்டு ஸ்டியர்மனிலிருந்து நேரே ஏடி-6க்கு ஏற்றினார்கள். டிவிஎஸ் 50 ஓட்டியவனை மறுநாள் லாரியில் உட்கார வைப்பது போல. ஆனாலும் ஓட்டினார்கள், பெரும்பாலோர் நன்றாகவே ஓட்டினார்கள்.

அந்த விமானங்கள் கொன்ற விதத்தை உங்கள் பையன் விமானமும் மறந்துவிடவில்லை, ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இறங்க வருகிறான். ரன்வேக்கு நேராக வரக் கடைசியாக ஒரு திருப்பம். காற்று தள்ளியதில் கோட்டைத் தாண்டிவிட்டான். இறக்கையை இன்னும் சாய்க்கப் பயம், தரை பக்கத்தில் இருக்கிறதே. அதனால் காலால் ரட்டரை (வாலில் இருக்கிற சுக்கான்) மிதித்து மூக்கை மட்டும் திருப்பப் பார்க்கிறான். மூக்கு கீழே போகிறது. உடனே கை தானாக, விமானத்தை ஓட்டுகிற கம்பைத் தன் பக்கம் இழுக்கிறது. இங்கேதான் இறக்கைமேல் ஓடுகிற காற்று பிய்த்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வேறு எதுவும் பழுதாகியிருக்காது, ஆனால் ஒரு பக்க இறக்கை மட்டும் தூக்குவதை நிறுத்திவிடும். விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு சுழலத் தொடங்கும். இதற்கு மருந்து எல்லாப் பைலட்டுக்கும் தெரியும்: எஞ்சினைக் குறை, எதிர்ப்பக்க ரட்டரை மிதி, கம்பை முன்னால் தள்ளு. அது வேலை செய்ய உயரம் வேண்டும். நானூறு அடியில் அந்த உயரம் கிடையாது. தரை நெருங்கும்போது கம்பை முன்னால் தள்ளுவதற்கு மனித உடம்பு சம்மதிப்பதும் இல்லை. ஸ்டியர்மன் பொறுத்துக்கொள்ளும் தப்பை ஏடி-6 பொறுக்காது, ஒரு இறக்கையைப் பட்டென்று போட்டுவிடும். உங்கள் பையன் அநேகமாக ஓட்டுகிற செஸ்னா என்ற சின்ன விமானம் இந்த மூன்றையும்விட நல்ல குணம். ஆனால் அதற்கும் காற்று அதே காற்றுதான்.

அப்புறம் மேகம். இதற்கு டெரலின் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. 1943 பிப்ரவரி 20. டெரலிலிருந்து ஒக்லஹோமாவின் மையாமிக்கு வழி கண்டுபிடித்துப் போகிற பயிற்சி. (ஃப்ளோரிடா மையாமி இல்லை. அந்த ஊர்க்காரர்கள் 'மையாமா' என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.) ஏடி-6 விமானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மாணவர்கள். ஒருவன் ஓட்ட, இன்னொருவன் வரைபடம் பார்ப்பான். பயிற்றுநர் கிடையாது. இந்தப் பள்ளிகளில் அதுதான் முறை, சொல்லப்போனால் நல்ல முறைதான். தென்கிழக்கு ஒக்லஹோமாவில் கயமீச்சி மலைகள் வருகின்றன. இமயமலை இல்லை, நம் ஜவ்வாது மலை உயரம்கூட இல்லை. அன்று அந்த மலைகளைத் தாழ்ந்த மேகம் மூடியிருந்தது. இரண்டு விமானங்கள் மலையில் மோதின. நான்கு பையன்களும் போய்விட்டார்கள். உங்கள் இருபது கற்களில் நான்கு அவர்களுடையவை. 2000-ஆம் ஆண்டில், அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விவரங்களைத் தேடி எடுத்து, அதே பிப்ரவரி 20 அன்று மலையில் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள்.

மேகம் இரண்டு விதமாகக் கொல்லும். மேகத்துக்கு அடியிலேயே போய்விடலாம் என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தாழ்ந்து போவது ஒன்று. மேகம் இறங்கும், தரை ஏறும், இரண்டும் சேர்கிற இடத்தில் மலை இருக்கும். மற்றது, மேகத்துக்குள் நுழைந்து மேலும் கீழும் தெரியாமல் போவது. நம் காதுக்குள் சமநிலை காட்டும் திரவம் இருக்கிறதே, அது கண்ணோடு சேர்ந்தால்தான் உண்மை பேசும். கண்ணுக்கு அடிவானம் தெரியாவிட்டால், மெதுவாகத் திரும்புகிற விமானத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நேராகப் போவதாகவே தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மேகத்துக்குள் பறக்கப் பழகாத 20 பேர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். மூன்று நிமிஷம்கூட இல்லை. ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டிக்காரத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இதைப் பையனுக்குச் சொல்லும்போது கூடவே இன்னொரு தேதியையும் சொல்லுங்கள். 1943 ஜூலை 27. அந்த மலை விபத்து நடந்து ஐந்தே மாதம். அதே டெக்சஸ் மாநிலம், அதே ஏடி-6. பிரையன் என்ற ஊரில் ராணுவத்தின் கருவிப் பறப்புப் பள்ளி இருந்தது, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி. அதன் தலைவர் ஜோசஃப் டக்வொர்த், முன்பு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் ஓட்டியவர். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த பிரிட்டிஷ் பைலட்டுகள் "இந்த விமானம் ஒரு புயலைத் தாங்குமா?" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். கால்வெஸ்டன் கரையில் ஒரு சூறாவளி அடித்துக்கொண்டிருந்தது. டக்வொர்த் பந்தயம் கட்டினார். ஒரு கிளாஸ் மதுவுக்கு! பக்கத்தில் ஒரு நேவிகேட்டரை ஏற்றிக்கொண்டு ஏடி-6-ஐ நேரே சூறாவளியின் கண்ணுக்குள் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். இறங்கியதும் வானிலை அதிகாரி "என்னை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்" என்று கேட்க, அவரை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை போனார். தெரிந்தே சூறாவளிக்குள் பறந்தது அதுதான் முதல் முறை. என் மாணவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் லாக் புக்கைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், அது வேறு.

விமானம் அதே விமானம். உள்ளே உட்கார்ந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது வேறு. டக்வொர்த் செய்த பெரிய காரியம் சூறாவளி இல்லை. கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், செயற்கை அடிவானத்தை (விமானம் சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவி) நடுவில் வைத்து எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிற முறையை அவர் பாடமாக்கினார். போர் அவசரத்தில் அந்தப் பாடம் எல்லா மாணவனுக்கும் போதிய அளவு போய்ச் சேரவில்லை. கருவிப் பறப்பு தெரியாமல் ஆள் போகும் என்பது ஒன்றும் 1943-இல் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1934-இல் அமெரிக்க ராணுவம் தபால் கொண்டுபோகிற வேலையை ஏற்று, குளிர்கால வானிலையில் பைலட்டுகளை வரிசையாக இழந்தது. அதற்குப் பிறகுதான் லிங்க் டிரெய்னர் என்ற, தரையில் நின்றபடியே ஆடுகிற பொய் விமானத்தை ஆறு வாங்கினார்கள். அதற்கு முன் அதைக் கண்டுபிடித்தவர் கேளிக்கைப் பூங்காக்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவர்கள் மட்டமில்லை, அவசரப்பட்டார்கள். அந்தக் கால விபத்து அறிக்கைப் படிவங்களில் பொறுப்பை விழுக்காடாகப் பிரித்து எழுதுவார்கள். வானிலைக்கு இத்தனை, விமானியின் தவறு இத்தனை என்று. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லையே. 'விமானியின் தவறு' என்ற இரண்டு வார்த்தையைக் கண்டாலே எனக்கு இன்றும் எரிச்சல்தான். போரின்போது பெரிய பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாக இறங்கிய பிறகு, ஓடுதளத்திலேயே சக்கரத்தை மடக்கிக்கொண்டு வயிற்றில் உட்கார்ந்தன. விமானியின் தவறு என்று எழுதி மூடிக்கொண்டிருந்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் ஃப்ளாப்புக்கான (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்குகிற பலகை) சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில். ஒன்றில் சின்ன ரப்பர் சக்கரம், இன்னொன்றில் ஆப்பு வடிவத் துண்டு என்று ஒட்டச் சொன்னார். தொட்டுப் பார்த்தே கைக்குத் தெரிந்துவிடும். உங்கள் பையன் என்றாவது சக்கரம் மடங்குகிற விமானத்துக்கு மாறும்போது பாருங்கள், அந்தக் கைப்பிடி சக்கரம் மாதிரியே இருக்கும்.

போர் முடிந்ததும் நிலைமை சரியாகிவிடவும் இல்லை. ஜெட் வந்தது. பிரிட்டனின் மீட்டியார் ஜெட்டுகளில் 890 விமானங்கள் விபத்தில் அழிந்தன, சுமார் 450 விமானிகள் இறந்தார்கள். இரண்டு எஞ்சினும் தள்ளித்தள்ளி இருக்கும். ஒன்று நின்றால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். அதைச் சமாளிக்கப் பழக்குகிறோம் என்று, தாழ்வாகப் பறக்கும்போதே வேண்டுமென்று ஒரு எஞ்சினை நிறுத்திக் காட்டினார்கள். நிஜமாக எஞ்சின் நின்று செத்தவர்களைவிட அந்தப் பழக்கத்தில் செத்தவர்கள் அதிகம். பயிற்சி விமானமான இருவர் அமரும் மீட்டியாரில் ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறிகிற இருக்கையும் கிடையாது. பையன் பிற்காலத்தில் இரட்டை எஞ்சினுக்குப் போனால், எஞ்சினை நிறுத்திப் பழக்குவது எந்த உயரத்தில் என்று கேளுங்கள். இப்போதைக்கு அது வேண்டாம்.

இன்றைய நிலை என்ன? 1949-இலேயே அமெரிக்காவில் தனியார் உரிமத்துக்குச் சுழல் பயிற்சி கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். சுழன்றபின் மீள்வதைவிட, சுழலுக்கு முந்திய அறிகுறியை அடையாளம் காண்பதே பாடமானது. மேகத்துக்குள் தப்பித் தவறி நுழைந்தால் திரும்பி வெளியே வர, உரிமம் வாங்குமுன் குறைந்தது மூன்று மணி நேரம் கருவிப் பயிற்சி கட்டாயம். அந்த நான்கு பேரிடம் இல்லாத வானிலைப் படம் உங்கள் பையன் போனில் இருக்கிறது. அதனால் ஆபத்து பெருமளவு குறைந்துவிட்டது, போய்விடவில்லை. சின்ன விமானம் காரைவிடப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பெரிய ஏர்லைன்ஸ் கணக்கு, இதற்குப் பொருந்தாது. இன்றும் சின்ன விமானங்களில் ஆளைக் கொல்வதில் அந்தக் கடைசித் திருப்பத்துக்கும் மேகத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

பள்ளிக்குப் போனால், விமானம் புதுசா பழசா என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நன்றாகப் பராமரித்த பழைய செஸ்னா தங்கம். மாணவன் தனியாகப் போக வானிலை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மேகம் எத்தனை அடியில், பக்கக்காற்று எவ்வளவு, எத்தனை மைல் தூரம் தெரிய வேண்டும் என்று. சட்டம் சொல்வது குறைந்தபட்ச எல்லை, நல்ல பள்ளி அதற்கு மேலே ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். "அன்றன்றைக்குப் பார்த்துச் சொல்வோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே பயிற்றுநர் கடைசிவரை இருப்பாரா, மாதத்துக்கு ஒருவராக மாறுவார்களா என்பதும் முக்கியம். ஏர்லைன்ஸில் வேலை கிடைத்ததும் பயிற்றுநர்கள் பறந்துவிடுவார்கள், புதிதாக வருபவருக்கு உங்கள் பையன் எங்கே தடுமாறுவான் என்று தெரியாது. கடைசியாக ஒன்று கேளுங்கள்: "போன தடவை ஒரு மாணவன் பாதி வழியில் திரும்பி வந்தபோது என்ன செய்தீர்கள்?" பதிலைவிட, பதில் சொல்கிறவர் முகத்தைப் பாருங்கள்.

நான் அப்படித் திரும்பி வந்தவன். மாணவனாக இருந்தபோது புஷ்பக் என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் தனியாகக் கிளம்பினேன். ஐப்பசி மாதம். செங்கல்பட்டு ஏரிகளைத் தாண்டியதும் முன்னால் கறுப்பாகச் சுவர் மாதிரி நின்றது. போய்விடலாம் என்றுதான் தோன்றியது, ஏனென்றால் கூடப் படிப்பவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள், நான் ஒருவன்தான் பாக்கி. ஐந்து நிமிஷம் அதிகமாகவே யோசித்தேன், அது என் தப்பு. பிறகு ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். இறங்கி, என்ன திட்டு விழுமோ என்று நின்றேன். என் பயிற்றுநர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீ சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் திரும்பி வர நான் ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் அதேதான். என்னிடம் படித்த ஒரு பையனின் முதல் தனிப்பறப்பைப் பார்க்க ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பாட்டி கையில் பூசணிக்காய். அன்று பக்கக்காற்று. நான் முடியாது என்றேன், அவன் அழுதான். அவர்கள் வந்திருக்காவிட்டால் அவனே "இன்றைக்கு வேண்டாம் சார்" என்று சொல்லியிருப்பான். அதனால் தேதி குறிக்காதீர்கள், வீடியோ எடுக்கப் போய் நிற்காதீர்கள், ஊரில் உள்ள மாமாவுக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள். "இன்னைக்குப் போகலைப்பா" என்று அவன் வந்து சொல்லும்போது, பணம் கட்டியது நினைவுக்கு வந்தாலும் முகத்தில் காட்டாதீர்கள்.

தங்கச்சியை இன்னொரு தடவை டெரலுக்குக் கூட்டிப்போங்கள், இந்த முறை பையனோடு. விமான நிலையத்திலேயே அந்தப் பள்ளிக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பிப்ரவரி 20, 1943 என்று தேதி போட்ட நான்கு கற்களை அவனே கண்டுபிடிக்கட்டும். அந்த நாளில் என்ன நடந்தது என்பதை நீங்கள் சொல்லாமல் அவனை அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். மேகம் எங்கே, மலை எங்கே, எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம் என்று அவன் வாயால் வரட்டும். சரியாகச் சொன்னால் மேலே படிக்க விடுங்கள். "நானா இருந்தா புகுந்து போயிருப்பேன்" என்றால் பாடத்தை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். அப்படிச் சொல்கிற வயசு அது, ஆறு மாதத்தில் மாறும்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. முதல் தனிப்பறப்பு முடிந்ததும் மாணவனின் சட்டை முதுகைக் கத்தரித்துச் சுவரில் மாட்டுவது அமெரிக்க வழக்கம். ரேடியோ இல்லாத காலத்தில் பின்னால் உட்கார்ந்த பயிற்றுநர் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் மாணவனைக் கூப்பிடுவாராம், இனி இழுக்க வேண்டாம் என்று அர்த்தமாம். அதனால் அவன் தனியாகப் பறக்கிற கட்டம் நெருங்கியதும், தீபாவளிக்கு எடுத்த சட்டையை மட்டும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடச் சொல்லுங்கள்.